97 வீதம் வந்த இரவும் அதற்குப் பிறகும்: வாய் இழைய வழுக்கிகளோடு ஒரு வருடம்

வெள்ளவத்தை_வழுக்கி எழுதியது:

கொழும்பில் மருத்துவம் படிக்கிறேன், நான்காம் வருடம். கடந்த ஒரு வருடமாகக் கணினி நோயியலில் ஒரு சிறிய ஆராய்ச்சி செய்துவருகிறேன். போன வாரம் இங்கே ஒருவர் "கோடிங் தெரியாமல் இதில் இறங்கலாமா" என்று கேட்டிருந்தார். பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழையாகப் போடுகிறேன். கடைசியில் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு முதலில் விஷயம். நோயாளியிடமிருந்து வெட்டியெடுத்த இழையத்தை மெழுகில் பதித்து, நாலைந்து மைக்ரோன் தடிப்பில் சீவி, கண்ணாடி வழுக்கியில் ஒட்டி, ஹீமட்டொக்சிலின், இயோசின் என்று இரண்டு சாயங்கள் ஏற்றுவார்கள். கலங்களின் கரு நீல ஊதாவாகத் தெரியும், மற்றதெல்லாம் ஏறக்குறைய இளஞ்சிவப்பு. நோயியல் நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்த்து என்ன நோய் என்று எழுதுவார். அந்த வழுக்கியைப் படமாக்கி, பார்க்கும் வேலையில் ஒரு பங்கைக் கணினிக்குப் பழக்குவதுதான் கணினி நோயியல்.

நான் எடுத்துக்கொண்டது வாய். இலங்கையில் ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுக்குத்தான் முதலிடம். புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் போட்டாலும் புற்று வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது. புறக்கோட்டையில் மடித்து விற்பவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கும் ஒன்று மடித்துத் தருவார்.

புற்று பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. அதற்கு முன் வாயின் உட்தோலில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படலம் வரும். அதில் ஒரு துண்டு எடுத்து அனுப்பினால், டிஸ்பிளேசியா (கலங்கள் புற்றாகும் முன் உருமாறியிருக்கும் நிலை) இருக்கிறதா, இருந்தால் தாழ்தரமா உயர்தரமா என்று நிபுணர் சொல்ல வேண்டும். தாழ்தரம் என்றால் பெரும்பாலும் வெற்றிலையை விடச் சொல்லிக் கவனித்து வருவார்கள். உயர்தரம் என்றால் வெட்டி எடுக்கத்தான் யோசிப்பார்கள். இந்த இரண்டையும் மொடல், அதாவது படங்களைக் காட்டிப் பழக்கிய கணினி நிரல், பிரித்துச் சொல்லுமா என்பதுதான் என் ஆராய்ச்சி.

68 நோயாளிகளின் பழைய வழுக்கிகள் கிடைத்தன. 41 தாழ்தரம், 27 உயர்தரம். முழு வழுக்கியையும் படமெடுக்கும் ஸ்கேனர் கோடி ரூபாய்ச் சாமான். எங்களிடம் இருந்தது நுணுக்குக்காட்டியின் தலையில் பூட்டிய ஒரு கமெரா. வழுக்கிக்கு முப்பது, நாற்பது படம் என்று ஐந்து மாதம் பின்னேரங்களில் உட்கார்ந்து எடுத்தேன். வார்ட் முடிந்து, பசியோடு, ஏசி இல்லாத ஓர் அறையில். கோடிங் பற்றிக் கேட்ட தம்பிக்குச் சொல்கிறேன்: இந்த வேலையில் கோடிங் கடைசி இரண்டு மாதம் மட்டும்தான்.

ரெஸ்நெட்-50 என்ற ஆயத்த மொடல் ஒன்றை எடுத்தேன். அது இமேஜ்நெட் என்ற பெரிய படத் தொகுப்பில் பழகியது, அதாவது நூற்றுக்கு மேற்பட்ட நாய் இனங்களையும் கோப்பைகளையும் கார்களையும் பார்த்துப் படித்த மொடல். அதற்கு இப்போது டிஸ்பிளேசியா. மொடலை ஓட்ட, கூகிள் கொலாப் என்ற இணையச் சேவையில் இலவச ஜீபீயூ (வேகமாகக் கணக்குப் போடும் சிப்). நள்ளிரவு டேட்டாவில் படங்களை ஏற்றிவிட்டுத் தூங்கினால், விடிய எழும்பும்போது இணைப்பு அறுந்திருக்கும்.

ஒருநாள் இரவு 97 வீதம் சரி என்று வந்தது. அறைத் தோழனை எழுப்பிக் கூட்டிக்கொண்டுபோய் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தேன். அடுத்த நாள் பொறியியல் பக்கத்து மேற்பார்வையாளர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். "பயிற்சிக்கும் பரீட்சைக்கும் படங்களைப் பிரித்தீர்களா, நோயாளிகளைப் பிரித்தீர்களா?"

நான் படங்களைக் கலைத்துப்போட்டுப் பிரித்திருந்தேன். ஒரே நோயாளியின் இருபது படம் பயிற்சியில், மிச்சம் பத்து பரீட்சையில். மொடல் நோயைப் படிக்கவில்லை, ஆளை மனப்பாடம் செய்திருந்தது. ஒரு நோயாளியின் எல்லாப் படமும் ஒரே பக்கத்தில் இருக்குமாறு மாற்றியதும் 68 பேரில் 53 பேர்தான் சரி. 78 வீதம். கொத்துரொட்டிக் காசு போனது போனதுதான்.

இப்போது என் கேள்வி. மொடல் படத்தின் எந்த இடத்தைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று கிராட்-காம் (மொடல் கவனித்த இடத்தைச் சிவப்பாகக் காட்டும் முறை) போட்டுப் பார்த்தேன். உயர்தரம் என்று சரியாகச் சொன்ன படங்கள் பலவற்றில் சிவப்பு வெளிச்சம் கருக்களின்மேல் விழவில்லை. இழையத்தின் ஓரத்தில், கறுப்பாக அல்லது கரும்பச்சையாகப் படிந்திருக்கும் ஒரு கோட்டின்மேல் விழுகிறது. கலமும் இல்லை, இரத்தமும் இல்லை. சாயம் தேங்கியதா? எங்கள் நோயியல் சேர் இப்போது வெளிநாட்டில், நேர வித்தியாசத்தில் பிடிப்பது கஷ்டம். யாருக்காவது தெரியுமா?

ஆய்வுகூட_அக்கா எழுதியது:

தம்பி, அது சாயமில்லை, மை. நாங்கள்தான் பூசுகிறோம்.

சத்திரசிகிச்சையில் முழுதாக வெட்டியெடுத்து அனுப்பும் இழையத்துக்கு, துண்டு போடுவதற்கு முன்னே வெளிவிளிம்பெல்லாம் மை பூசுவோம். மெழுகில் போட்டாலும் சீவினாலும் அது போகாது. நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது நோய் அந்த மைக்கோட்டைத் தொட்டால், வெட்டு போதாது, உள்ளே மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். பரிசோதனைக்காகக் கிள்ளி எடுக்கும் சின்னத் துண்டுக்கு மை பூசுவதில்லை.

உங்கள் உயர்தரக் கேஸ்களில் எத்தனை முழுதாக வெட்டியெடுத்தவை என்று பாருங்கள்.

கட்டுபெத்தைக்_காரன் எழுதியது:

அக்கா போட்ட போட்டில் எனக்கே வயிறு கலங்கிவிட்டது. மச்சான், உன்னுடைய மொடல் டிஸ்பிளேசியாவைப் பார்க்கவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் ஏற்கெனவே எடுத்த முடிவைப் பார்த்துக் கொப்பி அடிக்கிறது. உயர்தரம் என்றால் வெட்டுவார்கள், வெட்டினால் மை பூசுவார்கள், மை இருந்தால் உயர்தரம். வட்டம் முடிந்தது.

நீ மட்டுமில்லை, பெரிய இடங்களிலும் இதுதான் கதை. அமெரிக்காவின் டீசீஜீஏ என்ற புற்றுநோய்த் தரவுத் தொகுப்பில் 33 வகைப் புற்றுநோய், பதினோராயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள். உலகமே அதில்தான் பழகுகிறது. அந்தப் படங்களைப் பார்த்து எந்த வைத்தியசாலை அனுப்பியது என்று மொடலால் சொல்ல முடியும் என 2021இல் ஒரு கட்டுரை வந்தது. சாயம், ஸ்கேனர் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கைரேகை. ஒரு வைத்தியசாலையிலிருந்து கடுமையான கேஸ்கள் அதிகம் வந்திருந்தால், மொடல் வைத்தியசாலையைக் கண்டுபிடித்து நோயைக் கண்டுபிடித்த மாதிரி நடிக்கும்.

இன்னொன்று. 68இல் 41 தாழ்தரம் என்றாய். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தாழ்தரம் என்று சொன்னாலே 60 வீதம். 78ஐ அதற்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கோவைவாசி எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வழுக்கி என்றால் ஸ்லைடா? இரண்டு தடவை படித்த பிறகுதான் புரிந்தது. இழையம் என்பது நாங்கள் சொல்லும் திசு, கலம் என்பது செல், சரிதானே?

வெள்ளவத்தை_வழுக்கி எழுதியது:

சரி அண்ணா. நுணுக்குக்காட்டி உங்கள் நுண்ணோக்கி. பாடசாலையில் ஏ/எல் பரீட்சை வரைக்கும் தமிழில் படித்துவிட்டு மருத்துவ பீடத்தில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் புதிதாகப் படிக்கிறோம். இங்கே எழுதும்போதுதான் பழைய புத்தகச் சொற்கள் திரும்பி வருகின்றன. (டிஸ்பிளேசியாவுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.)

அக்கா, கட்டுபெத்தை, இருவருக்கும் நன்றி. பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். 27 உயர்தரத்தில் 17 முழு வெட்டு. தாழ்தரத்தில் 4 மட்டும். தலையில் கை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய_நுணுக்குக்காட்டி எழுதியது:

ஓய்வுபெற்ற நோயியல்காரன். இந்தப் பக்கத்தை வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. மைக்கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி, தலையில் கை வைக்க ஒன்றுமில்லை. நான் பயிற்சியில் இருந்த காலத்தில் வழுக்கியை எடுத்ததும் முதலில் கோரிக்கைப் படிவத்தைத்தான் பார்ப்பேன். "புற்று சந்தேகம்" என்று எழுதியிருந்தால் கண்ணுக்குப் புற்று தெரியத் தொடங்கும். என் ஆசிரியர் படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு "இப்போது பார்" என்பார். உம்முடைய மொடலுக்கும் படிவத்தைக் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், மொடல் நிபுணரை வென்றது என்று வரும் செய்திகளை நிதானமாக வாசியும். நெதர்லாந்துக்காரர் நடத்திய கமெலியன் 16 என்ற மொடல் போட்டியைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். மார்புப் புற்று நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்ப்பது. முதலிடம் வந்த மொடலுக்கு 0.994 (1 என்றால் முழுச்சரி, 0.5 என்றால் குருட்டு ஊகம்), பதினொரு நிபுணர்களின் சராசரி 0.810. பார்த்தால் பயமாக இருக்கும். அந்தப் பதினொரு பேருக்கும் கொடுத்தது 129 வழுக்கி, ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம். ஒரு வழுக்கிக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அப்படி எந்த மனுசன் வேலை செய்கிறான்? அதே வழுக்கிகளை அவசரமில்லாமல் பார்த்த ஒருவருக்கு 0.966 கிடைத்தது. அதற்கு அவர் முப்பது மணித்தியாலம் செலவழித்தார் என்பதும் உண்மை. மொடலுக்கு மதிப்பு இருக்கிறது. இருக்கும் இடம் எது என்பதைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும்.

யாழ்_இரண்டாம்_வருடம் எழுதியது:

அண்ணா, இதெல்லாம் செய்தால் இன்டர்ன்ஷிப் பட்டியலில் ஏதாவது புள்ளி கிடைக்குமா? இன்னொரு கேள்வி, நிபுணர் ஒவ்வொரு இடமாகக் குறித்துத் தரத்தான் வேண்டுமா? அறிக்கையை மட்டும் கொடுத்து மொடலையே தேடச் சொல்ல முடியாதா?

வெள்ளவத்தை_வழுக்கி எழுதியது:

பட்டியலுக்கு ஒரு புள்ளியும் இல்லை தம்பி, அங்கே பரீட்சைப் பெறுபேறு மட்டும்தான். இரண்டாவதைக் கட்டுபெத்தை சொல்லட்டும்.

கட்டுபெத்தைக்_காரன் எழுதியது:

முடியும், ஆனால் ஏழைக்கு இல்லை. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 15 மில்லிமீற்றர் நீள அகலமுள்ள இழையத்தை ஒரு படப்புள்ளிக்கு 0.25 மைக்ரோன் என்று ஸ்கேன் செய்தால், ஒரு பக்கம் 60,000 புள்ளி. மொத்தம் 360 கோடி. அதை அப்படியே எந்த மொடலும் விழுங்காது. 224 புள்ளிச் சதுரங்களாக வெட்டினால் எழுபதாயிரம் துண்டுக்கு மேல் வரும். அந்த எழுபதாயிரத்தில் எங்கோ பத்துத் துண்டில்தான் நோய் இருக்கலாம், அறிக்கையில் இருப்பதோ "புற்று உண்டு" என்ற ஒரே வரி. அந்த ஒரு வரியை வைத்துத் துண்டுகளைத் தேடப் பழக்கும் முறை இருக்கிறது. நியூயோர்க்கில் 2019இல் அப்படிச் செய்து காட்டினார்கள், 15,187 நோயாளிகளின் 44,732 வழுக்கிகளோடு. நம் ஆளிடம் 68 பேர்.

அதனால் கையில் வழுக்கி குறைவென்றால் நிபுணரின் நேரம் வேண்டும். நிபுணரின் நேரம் இல்லையென்றால் மலைபோல வழுக்கி வேண்டும். இரண்டும் இல்லாதவன் மருந்துக்குப் பதில் மந்திரம் செய்கிறான்.

இப்போது பெரிய தொகுப்புகளில் முன்பே பழக்கிய நோயியல் மொடல்கள் இலவசமாகவும் கிடைக்கின்றன, 2024இல் வந்த யூனி மாதிரி. மச்சான், நாய்ப்படம் பார்த்த ரெஸ்நெட்டை விட்டுவிட்டு அதில் ஒன்றைப் போட்டுப் பார்.

கொட்டாஞ்சேனையாள் எழுதியது:

நான் டொக்டரும் இல்லை, மாணவியும் இல்லை. அப்பாவுக்கு வாயில்தான் வந்தது. துறைமுகத்தில் வேலை, இரவு முழிக்க வெற்றிலை. மூன்று தடவை துண்டு எடுத்தார்கள். நீங்கள் பேசும் வழுக்கிகளில் அவருடையதும் இருக்கலாம். எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கோபத்தில் எழுதவில்லை, எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

வெள்ளவத்தை_வழுக்கி எழுதியது:

அக்கா, இந்தக் கேள்வியை எங்களிடம் முதலில் கேட்டது ஒழுக்க நெறிக் குழு. அனுமதி வாங்கவே மூன்று மாதம் போனது. பழைய வழுக்கி என்பதால் ஒவ்வொருவரையும் தேடிப் போக முடியாது. அதற்குப் பதிலாகச் சில கட்டுப்பாடுகள் போட்டார்கள். பெயரும் வைத்தியசாலை இலக்கமும் என் கைக்கு வரக் கூடாது. வேறொருவர் அவற்றை எடுத்துவிட்டு ஒரு புது இலக்கம் கொடுப்பார். சிகிச்சைக்குத் தேவையான வழுக்கியைத் தொடக் கூடாது. 2022இன் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சுகாதாரத் தகவலைத் தனி வகையாக வைத்திருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஒரு ஓட்டை. இடையில் ஒரு வாரம் ஓரிடத்தில் ஸ்கேனர் இரவல் கிடைத்து, பத்து வழுக்கி ஸ்கேன் செய்தோம். அந்தக் கோப்புக்குள் இழையப் படத்தோடு வழுக்கியின் லேபிளையும் தனிப் படமாகச் சேமித்து வைத்திருந்தது. லேபிளில் பழைய இலக்கம். எனக்குத் தெரியவே தெரியாது, தற்செயலாகக் கண்டேன். பத்துக் கோப்பையும் அழித்துவிட்டுக் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையாள் எழுதியது:

சொன்னதற்கு நன்றி தம்பி. அப்பாவிடம் கேட்டிருந்தால் எடுத்துக்கொள் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்டிருக்கலாம் என்பதுதான்.

ஆய்வுகூட_அக்கா எழுதியது:

ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை. எல்லாரும் சாயம் ஒவ்வொரு இடத்துக்கும் வித்தியாசம் என்று எழுதுகிறீர்கள், ஒரே ஆய்வுகூடத்திலேயே திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் வித்தியாசம். ஹீமட்டொக்சிலின் பழசாகப் பழசாக வலு குறையும். அதை நீலமாக்குவது கழுவும் தண்ணீர், தண்ணீரின் காரத்தன்மை மாறினால் நிறமும் மாறும். கத்தி மழுங்கினால் சீவலில் கோடு விழும், தடிப்பாகச் சீவினால் கரு எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கறுத்துத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததே, இழையத்தைப் பதப்படுத்த இரவு முழுக்க ஓட வேண்டிய மெசினுக்குப் பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த மாதத்து வழுக்கிகளை இப்போதும் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியும். உங்கள் மொடலுக்கும் தெரியும்.

கட்டுபெத்தைக்_காரன் எழுதியது:

நிறத்தைச் சமப்படுத்த மசெங்கோ முறை இருக்கிறது, 2009இல் வந்தது. படத்தில் இரண்டு சாயத்தையும் கணக்கால் பிரித்தெடுத்து, ஒரு மாதிரிப் படத்தின் நிறத்துக்குக் கொண்டுவரும். தடித்த சீவலை மெல்லியதாக்க எந்தக் கணக்கும் இல்லை, அது அக்காவின் கையில்.

வெள்ளவத்தை_வழுக்கி எழுதியது:

பத்து நாளாகிவிட்டது, இடையில் மகப்பேறு வார்ட். செய்தவற்றைச் சொல்கிறேன். கியூபாத் என்ற நோயியல் பட சொஃப்ட்வெயாரில் ஒவ்வொரு படமாகத் திறந்து மை இருக்கும் ஓரத்தை வெட்டினேன். மசெங்கோ போட்டேன். நோயாளிவாரியாகத்தான் பிரித்தேன். மொடலை மாற்றவில்லை, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

68இல் 48 சரி. 71 வீதம்.

கட்டுபெத்தை சொன்ன 60க்கு மேலே பதினொன்று. முதல் நாள் 97ஐப் பார்த்தவனுக்கு இது பழஞ்சோறு மாதிரித்தான். ஆனால் மொடல் பிழைவிட்ட இருபதையும் எடுத்து வரிசையாக வைத்தேன். எங்கள் வழுக்கிகளை இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். அவர்களுக்குள்ளேயே 16 வழுக்கியில் கருத்து வேறுபாடு, மூன்றாவது ஒருவர்தான் தீர்த்து வைத்தார். இருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் கப்பா அளவு 0.52, அதாவது நடுத்தர ஒத்துப்போதல். மொடல் பிழைவிட்ட இருபதில் 11, அந்தப் பதினாறுக்குள் வருகின்றன.

மிச்சம் ஒன்பதுதான் புரியவில்லை. அதில் ஐந்து, நிபுணர்கள் இருவரும் தயக்கமில்லாமல் தாழ்தரம் என்றவை. மொடல் உயர்தரம் என்கிறது. கிராட்-காம் இந்த முறை ஒழுங்காகக் கருக்களின்மேல்தான் விழுகிறது. கருக்கள் உண்மையிலேயே பெரிதாக, கறுப்பாக இருக்கின்றன. எனக்கும் உயர்தரம் மாதிரித்தான் தெரிகிறது.

பழைய_நுணுக்குக்காட்டி எழுதியது:

அந்த ஐந்திலும் மேற்பரப்பைப் பாரும். மேலே மூடியிருக்கும் கெரட்டின் படைக்குள் வெள்ளணுக்கள் சின்னக் குவியல்களாக இருக்கின்றனவா? இருந்தால் பூஞ்சணம். கன்டிடா என்ற பூஞ்சணம் வாயில் குடியேறினால் கீழே உள்ள கலங்கள் எரிச்சலில் வீங்கிக் கறுக்கும், டிஸ்பிளேசியா மாதிரியே வேஷம் போடும். பூஞ்சணத்துக்கு மருந்து கொடுத்துவிட்டு மறுபடி துண்டு எடுத்தால் சிலவற்றில் அது மாயமாகிவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ஒரு படி குறைத்துச் சொல்வார்கள். பி.ஏ.எஸ். சாயம் போட்டால் பூஞ்சண இழைகள் சிவப்பாகத் தெரியும். போட்டார்களா என்று கேளும்.

வெள்ளவத்தை_வழுக்கி எழுதியது:

சேர், கேட்கவே தேவையில்லாமல் போய்விட்டது. ஐந்தில் மூன்றுக்கு பி.ஏ.எஸ். போட்டிருக்கிறார்கள், மூன்றிலும் கன்டிடா. பெயர் நீக்கி எனக்குக் கொடுத்த அறிக்கைப் பிரதியிலேயே எழுதியிருக்கிறது, கடைசிப் பந்தியில். நான் தரத்தை மட்டும் எக்செல்லில் ஏற்றிவிட்டு அந்தப் பந்திவரை வாசிக்கவே இல்லை. 68 அறிக்கையிலும்.

மற்ற இரண்டு வழுக்கியையும் திங்கட்கிழமை எடுத்துப் பார்க்கிறேன்.

பழைய_நுணுக்குக்காட்டி எழுதியது:

நல்லது. படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பாரும். பிறகு திருப்பி வாசியும்.